இரண்டு லிஸ்ட், ஒரு அலமாரி

தச்சர்: மேடம், ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம். அலமாரி லிஸ்ட்ல நீளத் துணி தொங்கவிடுற இடத்தை அடிச்சிட்டீங்களே?

மனைவி: ஆமாண்ணே. வேண்டாம்.

தச்சர்: வேண்டாமா?

மனைவி: அங்கயும் மூணரை அடியில கம்பி போட்டுடுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டுமே சட்டைக்கு.

தச்சர்: சுவர் எட்டடி மேடம். மேல எட்டு, கீழ எட்டு. பதினாறடிக்குச் சட்டை மாட்டினா வாசல்ல போர்டு வெச்சுக் கடையே நடத்தலாம். மாஸ்டர்கிட்ட மொத்தம் எத்தனை சட்டை?

மனைவி: பதினொண்ணு.

தச்சர்: பதினொண்ணா!

மனைவி: அவருக்கு இடைவெளி விட்டு மாட்டணும்ண்ணே. வெள்ளைச் சட்டைக்குப் பின்னாடி வெள்ளைச் சட்டை இருந்தா, ஒண்ணுதான் இருக்குன்னு முடிவு பண்ணிடுவாரு. ஒரு வாரம் அதையே போட்டுட்டு ஸ்கூலுக்குப் போவாரு.

தச்சர்: சரி... கம்பி எழுதிக்கிட்டேன். அப்புறம் இது என்ன? ஆறு டிராயர்... திங்கள், செவ்வாய், புதன்...

மனைவி: ஒவ்வொரு டிராயர் மேலயும் கிழமையை எழுதணும். பெருசா. தூரத்துல இருந்தே தெரியணும்.

தச்சர்: உள்ள?

மனைவி: அன்னிக்கு வேண்டிய எல்லாம். டிராக் பேன்ட், பனியன், சாக்ஸ், கர்ச்சீப். திங்கக்கிழமை டிராயரை இழுத்தா திங்கக்கிழமை ஆள் ரெடி.

தச்சர்: ஞாயித்துக்கிழமை?

மனைவி: அன்னிக்கு எப்படியும் லுங்கிதான். அது தானா கிடைச்சிடும் அவருக்கு.

தச்சர்: மேடம், கோச்சுக்காதீங்க. மாஸ்டர் ஒரு விசில் ஊதினா நானூறு பிள்ளைங்க வரிசையில நிக்குது. நானே பார்த்திருக்கேன். என் பையன் அந்த ஸ்கூல்தான்.

மனைவி: நானூறு பிள்ளைங்க நிக்கும்ண்ணே. ஒரு ஜோடி சாக்ஸ் சேர்ந்து நிக்காது அவர்கிட்ட. அந்த விசிலுக்கும் ஒரு கொக்கி போடுங்க. கதவுக்குப் பக்கத்துல, கண்ணு மட்டத்துல. தினமும் காலையில அதைத் தேடித்தான் வீடே ரெண்டாகும்.

தச்சர்: கொக்கி... விசிலுக்கு. சரி. இஸ்திரிப் பலகை?

மனைவி: சுவர்ல மடிச்சு வைக்கிற மாதிரி. இழுத்தா விரியணும். பக்கத்துலயே பிளக். உள்ள நுழைஞ்சதும் முதல்ல அதுதான் கண்ணுல படணும். அழுக்குத் துணிக் கூடையும் அங்கயே. இல்லாட்டி கதவுக்குப் பின்னாடி குமிச்சு வெச்சுட்டு, சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்லுவாரு.

தச்சர்: லைட்?

மனைவி: ஆள் நுழைஞ்சா தானா எரியணும், வெளிய வந்தா தானா அணையணும். அவரை நம்பி சுவிட்ச் வைக்காதீங்க.

தச்சர்: அவ்வளவும் எழுதிட்டேன். இப்ப சொல்லுங்க. உங்க துணி எங்க?

மனைவி: எனக்கு எதுக்கு?

தச்சர்: எதுக்கா? இது ஆள் உள்ள நுழையுற அலமாரி மேடம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டுவாங்க. புடவைக்கு அஞ்சடி உயரம் விடணும், நைட்டி, சுடிதார்...

மனைவி: பெட்ரூம்ல பழைய பீரோ இருக்கு. எனக்கு அது போதும்.

தச்சர்: இப்படித்தான் போன வருஷம் ஒரு வீட்ல அந்தம்மா ‘எனக்கு எதுக்கு’ன்னாங்க. எல்லாம் முடிச்சு, மைக்கா ஒட்டி, கைப்பிடி போட்டு, சாவி குடுக்கும்போது கேக்குறாங்க, ‘என்னோடது எங்க வைக்கிறது?’ மொத்தமும் பிரிச்சேன் மேடம். இன்னிக்கும் அந்தத் தெரு வழியா நான் போறதில்ல.

மனைவி: நான் அப்படிக் கேக்க மாட்டேன்.

தச்சர்: எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்குக் காலையில பலகை அறுக்கணும். அறுத்த பலகை திரும்ப ஒட்டாது. நெசமாச் சொல்லுங்க. உங்க துணி எங்க போகுது?

மனைவி: கதவைக் கொஞ்சம் சாத்துங்கண்ணே.

தச்சர்: ஏன்... என்னாச்சு?

மனைவி: சாத்துங்க. அவர் மாடிப்படியில ஏறி வந்துட்டிருப்பாரு. ...என் துணி என்கூட வருது. ஒண்ணாந்தேதி நான் வேற ஊருக்குப் போறேன்.

தச்சர்: லீவுக்கா?

மனைவி: வேலைக்கு. எங்க கம்பெனி எடை மெஷின் செய்யுதுல்ல, அந்த ஊர்ல புது கிளை திறக்குறாங்க. மொத்தக் கிளைக்கும் என்னைத் தலையா போட்டிருக்காங்க. ரெண்டு வருஷம். ரயில்ல போனாலே பத்து மணி நேரம்.

தச்சர்: அட, நல்ல விஷயமாச்சே! மாஸ்டர் என்ன சொன்னாரு?

மனைவி: அவருக்குத் தெரியாது.

தச்சர்: தெரியாதா!

மனைவி: மெதுவாண்ணே!

தச்சர்: தெரியாதா... மேடம், ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தானே?

மனைவி: பத்து தடவை வாயெடுத்தேன். சாப்பிடும்போது, நடக்கப் போகும்போது... நான் ஆரம்பிச்சா போதும், அவர் ஏதாவது ஒரு பையன் ஓட்டப்பந்தயத்துல செருப்பை விட்டுட்டு ஓடின கதையைச் சொல்லுவாரு. நானும் சிரிச்சிடுவேன். பேச்சு போயிடும்.

தச்சர்: சொன்னா போகாதேன்னுவாரா?

மனைவி: சொன்னா நான் போக மாட்டேன்ண்ணே. அவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சுன்னா அவ்வளவுதான், நான் உக்காந்துடுவேன். பத்து வருஷமா காத்திருந்த வேலை. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பணும். போகணும்னு ஆசையா இருக்கு. ஆனா இவரு இருக்காரே. துண்டைக் கட்டிக்கிட்டு ஈரத்தோட நடு ரூம்ல நின்னு ‘ஏம்மா, என் பனியன் எங்க’ன்னு கேப்பாரு. நான் இல்லாத வீட்ல யாரைக் கேப்பாரு?

தச்சர்: அதான் கிழமை எழுதுன டிராயரா...

மனைவி: அவரே தேடாம எடுத்துக்கிட்டா போதும். இந்த ரூமுக்குள்ள நுழைஞ்சா ஒண்ணுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. அப்படிக் கட்டிக் குடுங்க. மீதியை நான் எப்படியாவது சொல்லிக்கிறேன். நீங்க மூச்சு விடாதீங்க.

தச்சர்: மேடம், எனக்கு மரம்தான் சொன்ன பேச்சு கேக்கும். வாய் கேக்காது.

மனைவி: அண்ணே!

தச்சர்: சரி சரி, சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு எனக்கு விளங்கல. இந்த அலமாரி வேலைக்கு என்னைக் கூப்பிட்டது மாஸ்டர்தானே? மூணு வாரம் இருக்கும். ‘உடனே வா, உடனே வா’ன்னு.

மனைவி: அதான் எனக்கும் விளங்கல. இந்த ரூமைச் சும்மா போட்டு வெச்சிருந்தோம். திடீர்னு ஒரு நாள், அலமாரி கட்டணும்னு ஒரே பிடிவாதம். சரி, நல்லதாப் போச்சுன்னு நானும்... ஷ்ஷ்... வந்துட்டாரு.

கணவர்: என்ன, கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

மனைவி: கதவு சரியாச் சாத்துதான்னு பார்த்தோம்.

கணவர்: சாத்துதா?

தச்சர்: சாத்துது மாஸ்டர். பிரமாதமா சாத்துது.

கணவர்: நான் நேத்தே இந்த ரூமை அளந்துட்டேன். ஒன்பதடி.

மனைவி: எட்டடிங்க.

கணவர்: என் காலுக்கு ஒன்பது.

மனைவி: ஒரு கிராம் கூடினாலும் மெஷினைத் திருப்பி அனுப்புறவ நான். என் வீட்ல காலால அளக்குறீங்களே, வெளிய சொல்லிடாதீங்க.

கணவர்: மைதானத்தையே காலால அளக்குறவன் நான். இது என்ன, தீப்பெட்டி. ...உன் போன் அடிக்குதும்மா.

மனைவி: ஆபீஸ்... அப்புறம் பேசிக்கிறேன்.

கணவர்: ஏன்? சனிக்கிழமை கூப்பிடுறாங்கன்னா முக்கியமா இருக்கும். பால்கனிக்குப் போய்ப் பேசு. இங்க சிக்னல் நிக்காது.

மனைவி: ரெண்டே நிமிஷம். அண்ணே, நான் சொன்னது...

தச்சர்: மூச்சு விட மாட்டேன் மேடம்.

மனைவி: லிஸ்டைச் சொன்னேன்!

தச்சர்: லிஸ்டைத்தான்... லிஸ்டைத்தான் நானும் சொன்னேன்.

கணவர்: ...போயிட்டாளா?

தச்சர்: யாரு? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது மாஸ்டர்.

கணவர்: பால்கனிக்குய்யா.

தச்சர்: ஆங்... பால்கனிக்கு. போயிட்டாங்க.

கணவர்: சீக்கிரம், சீக்கிரம். அவ குடுத்த லிஸ்டை ஓரமா வை. இந்தா, என் லிஸ்ட். இதுபடிதான் கட்டணும்.

தச்சர்: இன்னொரு லிஸ்டா?

கணவர்: படி.

தச்சர்: எட்டடி சுவர் முழுக்க... நீளத் துணிக்கு மட்டும்... கம்பி எட்டாத உயரத்துல இருந்தா கையால இழுத்தா கீழ இறங்கி வரணும்...

கணவர்: அவ குள்ளம். ஸ்டூல் போட்டு ஏறுவா, ஒரு நாள் விழுந்து வைப்பா. கீழ இறங்குற கம்பி இருக்குல்ல? நான் கடையில பார்த்தேன்.

தச்சர்: இருக்கு, இருக்கு. அப்புறம்... பட்டுப்புடவைக்குக் கண்ணாடி மூடி போட்ட டிராயர் நாலு... கைப்பைக்கு ஒன்பது கட்டம்...

கணவர்: ஒன்பது பை இருக்கு. எண்ணிட்டேன்.

தச்சர்: ஸ்வெட்டர், சால்வைக்குத் தனித் தட்டு. மழைக்கோட்டு, குடை தனி. பூட்டு வெச்ச சின்ன டிராயர் நகைக்கு. ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிர்ல உக்கார ஒரு மெத்தை வெச்ச பெஞ்சு. ...மாஸ்டர், எல்லாம் சரி. உங்க துணி எங்க?

கணவர்: எனக்கு எதுக்கு? ...என்னய்யா அப்படிப் பாக்குற?

தச்சர்: இல்ல... இதே வார்த்தை... இதே மாதிரி... மாஸ்டர், நீங்களுமா ஊருக்குப் போறீங்க?

கணவர்: நானுமான்னா? வேற யாரு போறா?

தச்சர்: நான்! நான்தான் போறேன். மச்சான் வீட்டுக்கு. அடுத்த... அடுத்த மாசம்.

கணவர்: உனக்கு அக்கா தங்கச்சியே கிடையாது, சம்சாரமும் ஒத்தைப் பொண்ணுன்னு நீதானே சொன்ன. மச்சான் எங்கிருந்து முளைச்சான்?

தச்சர்: தூரத்து மச்சான் மாஸ்டர். அதை விடுங்க. உங்க பதினோரு சட்டை எங்க தொங்கும்?

கணவர்: பதினொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

தச்சர்: குத்துமதிப்பா... ஒரு ஆளுக்குப் பதினொண்ணு இருக்கும்ல?

கணவர்: ஆணி அடிச்சு மாட்டிக்கிறேன். ஹால்ல ஒரு ஆணி, பாத்ரூம்ல ஒரு ஆணி. எனக்கு அது போதும். இந்த அலமாரியில என் துணி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அவளோடது எல்லாமே இருக்கணும். ஒரு தட்டும் காலியாத் தெரியக் கூடாது. நல்லாக் கேட்டுக்க, பெட்டி வைக்க மேல பரண் போட்டிருக்கியே, அது வேண்டாம்.

தச்சர்: பரண் வேண்டாமா? பெட்டியெல்லாம் எங்க வைப்பீங்க?

கணவர்: பெட்டி எதுக்கு நிறைய? ரெண்டு போதும். மீதியை யாருக்காவது குடுத்துடலாம்.

தச்சர்: மாஸ்டர், மண்டை காயுது எனக்கு. உடம்புக்கு எதுவும் இல்லையே உங்களுக்கு?

கணவர்: காலையில நாலு கிலோமீட்டர் ஓடிட்டு வந்திருக்கேன்.

தச்சர்: அப்ப வீட்ல ஏதாவது சண்டையா?

கணவர்: சண்டை போட்டா நாங்க சத்தமாப் போடுவோம். கீழ் வீட்ல கேட்டுப் பாரு.

தச்சர்: அப்புறம் ஏன் இப்படி ஒரு லிஸ்ட்?

கணவர்: நான் சொன்னதை மட்டும் செய். காரணம் கேக்காத. அவகிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாத. ‘நானா யோசிச்சேன் மேடம்’னு சொல்லிடு.

தச்சர்: நானா யோசிச்சா ஒன்பது கைப்பை எப்படி மாஸ்டர் தெரியும் எனக்கு?

கணவர்: குத்துமதிப்பா.

மனைவி: என்ன குத்துமதிப்பு?

கணவர்: அதுக்குள்ள பேசிட்டியா? யாரு? என்னவாம்?

மனைவி: ஒண்ணுமில்ல... சும்மா. ஒரு கையெழுத்து விஷயம். திங்கக்கிழமை போய்ப் பார்த்துக்கலாம். அண்ணே, அது என்ன கையில இன்னொரு தாள்?

தச்சர்: இதுவா? இது... நானா யோசிச்சேன் மேடம்.

மனைவி: இது இவர் கையெழுத்துண்ணே. ‘ழ’ கொக்கி மாதிரி இருக்கு பாருங்க. குடுங்க இப்படி.

கணவர்: அதெல்லாம் வேலை விஷயம், உனக்கு எதுக்கு...

தச்சர்: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் பேசிக்கிறேன். ரூம் அகலம் ஆறடி. அலமாரி ஆழம் ரெண்டடி. ரெண்டு பக்கமும் கட்டினா நடுவுல ரெண்டடிதான் மிஞ்சும். ஆள் நுழையலாம், திரும்ப முடியாது. பின்னாலயே நடந்து வெளிய வரணும். அதனால ஒரு பக்கம்தான் கட்ட முடியும். ஒரு சுவர், எட்டடி. என் கையில ரெண்டு லிஸ்ட். ரெண்டும் எட்டெட்டடி. எதை அறுக்கட்டும்?

கணவர்: இதை.

மனைவி: அதை.

தச்சர்: பாதி பாதி பண்ணிடலாமா? மேடம் நாலடி, மாஸ்டர் நாலடி. ஊர் உலகமே அப்படித்தான் கட்டுது.

கணவர்: வேண்டாம்.

மனைவி: முடியாது.

தச்சர்: அதுல மட்டும் ஒத்துமை! போன மாசம் ஒரு வீட்ல, அரை அடிக்குப் புருஷனும் பொண்டாட்டியும் என் டேப்பை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தாங்க. அந்தம்மா பக்கம் கூடிடுச்சுன்னு அவர் ஒரு வாரம் என்கூடப் பேசல. இங்க என்னடான்னா ரெண்டு பேருமே எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்ங்கறீங்க. அப்ப இது யாருக்கு? எனக்கா?

மனைவி: அவருக்குத்தான். அவருக்குத் துணி வைக்க ஒழுங்கா ஒரு இடம் இல்ல.

கணவர்: அவளுக்குத்தான். அவளோடது மூணு இடத்துல சிதறிக் கிடக்கு.

மனைவி: இருங்க... இருங்க. இந்த லிஸ்ட்ல என் ஸ்வெட்டர்கூட இருக்கு. மெத்தை வெச்ச பெஞ்சு. ஒன்பது பை... நான் எட்டுன்னுல்ல நினைச்சேன்?

கணவர்: பழுப்புக் கலர் ஒண்ணு பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கிடக்கு.

மனைவி: உங்க சட்டை ஒண்ணைக்கூடக் காணோமே.

கணவர்: எனக்கு எதுக்கு...

தச்சர்: மறுபடியும் அந்த வார்த்தை!

மனைவி: ஆணியில மாட்டிப்பீங்களா?

கணவர்: மாட்டிப்பேன்.

மனைவி: சாக்ஸ்?

கணவர்: அதுக்கும் ஒரு ஆணி.

மனைவி: விளையாடாதீங்க. என் மூஞ்சியைப் பாருங்க. நீங்க எங்க போறீங்க?

கணவர்: நான் எங்கம்மா போகப் போறேன்?

மனைவி: பின்ன ஏன் உங்க துணி ஒண்ணும் இந்த வீட்ல வேண்டாம்னு எழுதியிருக்கீங்க? என்னங்க ஆச்சு? போன வாரம் ஸ்கூல்ல டாக்டர் வந்து எல்லாருக்கும் பார்த்தாங்கன்னு சொன்னீங்களே... ஏதாவது சொன்னாங்களா?

கணவர்: ஐயோ, ஒண்ணுமில்ல. பல்லு ஒண்ணு ஆடுதுன்னாங்க. அவ்வளவுதான்.

மனைவி: சத்தியமா?

கணவர்: ஆட்டிக் காட்டட்டுமா?

மனைவி: அப்ப ஏன்?

கணவர்: அதை விடு. உன் லிஸ்ட்டுக்கு வருவோம். காட்டுய்யா அதை. ...திங்கள், செவ்வாய், புதன்... என்னம்மா இது? எனக்கா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?

மனைவி: அதைவிடச் சின்னது.

கணவர்: இதுல உன் புடவை ஒண்ணுமே இல்லையே. நீ எங்க போற? இப்ப நான் கேக்குறேன்ல?

தச்சர்: மேடம்... சொல்லிடுங்க மேடம்.

மனைவி: அண்ணே!

தச்சர்: நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லிடுங்கன்னுதான் சொன்னேன். கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு எனக்கு. ஒருத்தர் கதவைச் சாத்தச் சொல்றீங்க, இன்னொருத்தர் காரணம் கேக்காதங்கறாரு. நான் மரத்தை அறுக்க வந்தேனா, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்க வந்தேனா? நான் வேணா கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன்.

மனைவி: நீங்க இருங்க. நீங்களும் போயிட்டா நான் மறுபடியும் மென்னு முழுங்கிடுவேன்.

கணவர்: சொல்லும்மா. என்ன?

மனைவி: முதல்ல ஓட்டப்பந்தயக் கதை எதுவும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.

கணவர்: சொல்லல.

மனைவி: ...எனக்குப் பதவி வந்திருக்கு. புதுக் கிளைக்குத் தலைமை. இங்க இல்ல. ரயில்ல பத்து மணி நேரம். ரெண்டு வருஷம். ஒண்ணாந்தேதி சேரணும். ஏதாவது பேசுங்க. தெரியும், உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதான். உங்க மூஞ்சியைப் பார்த்தா சொல்ல வரல. நீங்க தனியா என்ன பண்ணுவீங்களோன்னு... அதான் இந்த டிராயர், இஸ்திரிப் பலகை எல்லாம்... பைத்தியக்காரி மாதிரி ஒரு மாசமா உங்க சாக்ஸை எண்ணிட்டு இருக்கேன். சரி, வேண்டாம். நான் போகல. கையெழுத்து இன்னும் போடல. திங்கக்கிழமை முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன். வேற யாராவது போகட்டும். அங்க போய் நான் என்ன...

கணவர்: கீழ் தளம்.

மனைவி: என்ன?

கணவர்: அங்க உனக்குக் குடுக்குற வீடு. மூணாவது மாடின்னாங்க, லிஃப்ட் கிடையாதாம். கீழ் தளம்தான் வேணும், அவளுக்கு முட்டி வலி இருக்குன்னு சொல்லி மாத்திட்டேன்.

மனைவி: நீங்க... யார்கிட்ட சொன்னீங்க?

கணவர்: உங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட. அவசரத்துக்கு என் நம்பரைக் குடுத்து வெச்சிருக்கியே. நீ போனை எடுக்கலன்னு எனக்கு அடிச்சுது. ‘மேடத்துக்கு மூணாவது மாடி பரவாயில்லையா சார்’னுது. தெரிஞ்ச மாதிரியே பேசிட்டேன். தண்ணி வருமான்னு கேட்டேன். வாசல்ல வெளிச்சம் இருக்கான்னு கேட்டேன். நாள் பூரா வருமாம். இருக்காம்.

மனைவி: எப்ப?

கணவர்: இருபத்திரண்டு நாளாச்சு.

மனைவி: இருபத்திரண்டு நாளாத் தெரியுமா உங்களுக்கு!

கணவர்: நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ ஆரம்பிக்கும்போதெல்லாம், எங்க நிஜமாவே சொல்லிடுவியோன்னு பயந்துடுவேன். உடனே ஏதாவது கதையை எடுத்து விட்டுடுவேன். அந்தச் செருப்பை விட்டுட்டு ஓடின பையன்... அப்படி ஒரு பையனே கிடையாது.

மனைவி: ஐயோ... அதுக்கு நான் அவ்வளவு சிரிச்சேனே.

கணவர்: நீ சிரிச்சேன்னுதான் அவனை மூணு தடவை ஓட விட்டேன்.

தச்சர்: மாஸ்டர், நான் பாட்டுக்கு நடுவுல... ஆனா கேட்டே ஆகணும். மேடம் போறாங்கன்னு தெரியும் உங்களுக்கு. இருக்கப் போறது நீங்க மட்டும்தான். அப்புறம் எட்டடிக்கும் மேடம் துணியை எழுதிக் குடுத்து, உங்க சட்டையை ஆணியில மாட்டிக்கிறேன்னா... தலையும் புரியல, காலும் புரியல.

மனைவி: ஆமா, அதைச் சொல்லுங்க. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

கணவர்: எப்படிம்மா சொல்லுவேன்? பத்து வருஷமா அந்த எடைக்கல்லோட மல்லுக்கட்டினது நீ. நான் ஒரு வார்த்தை சொன்னா நீ நின்னுடுவ. எனக்குத் தெரியும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மனைவி: அப்ப சந்தோஷமாப் போயிட்டு வான்னு சொல்லியிருக்கலாம்.

கணவர்: கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். வரல.

மனைவி: எதுவும் சொல்லாம அலமாரி கட்டுறீங்களா? என்னை எங்க இருக்கச் சொல்றீங்க? நான் போயிட்டா இந்தக் கண்ணாடி, பெஞ்சு, ஒன்பது கட்டம் எல்லாம் யாருக்கு? என் துணியை நான் கொண்டு போயிட மாட்டேனா?

கணவர்: ரெண்டு பெட்டி மட்டும் கொண்டு போ. போதும்.

மனைவி: ரெண்டு பெட்டியில என்னங்க கொள்ளும்? ரெண்டு வருஷம் இருக்கணும். மழை வரும், குளிர் வரும், ஆபீஸ்ல விசேஷம் வரும்... எல்லாத்தையும் ஒரேயடியாக் கட்டி எடுத்துட்டுப் போயிட்டா வேலை முடிஞ்சுது. ஏன் ரெண்டே பெட்டி?

கணவர்: எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துட்டுப் போயிட்டா... அப்புறம் எதை எடுக்க நீ இங்க வருவ?